கீழே நிற்க வேண்டிய 2

கொடுமுடிப் பக்கம் விளையும் மஞ்சளில் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். ஆரத்தி கரைக்கும் பாட்டிக்கும் தெரிந்த ரசாயனம் இது. அதே ரசாயனத்தைக் கணினியில் தட்டச்சு செய்யும்போதுதான் பேரனுக்குத் திண்டாட்டம்!

தண்ணீரின் குறியீடு எச்₂ஓ. அந்த 2, எழுத்தின் காலடியில் சிறியதாக நிற்க வேண்டும். முன்னால் பெரியதாக நின்றால் பொருள் வேறு. இரண்டு மூலக்கூறு என்றாகிவிடும். 'ஓ'வின் காலடியிலும் ஒரு 2 சேர்ந்துவிட்டால் அது தண்ணீரே அல்ல. புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு, குடிக்கக் கூடாது! எழுத்திலும் இதே வம்புதான். ஆங்கில 'சி', 'ஓ' இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு. 'ஓ' மட்டும் சிறியதானால் கோபால்ட் என்னும் உலோகம்.

எழுத்துக் குறியீடுகளை வகுத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். அவர் எண்ணை எழுத்தின் தலைமேல் வைத்தார். பிறகுதான் அது காலடிக்கு இறங்கியது.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் உருளையைச் சற்றே திருகி எண்ணை இறக்கினார்கள். கணினியில் அந்தப் பாடு இல்லை. வேர்டு செயலியில் கன்ட்ரோல் விசையோடு சமக்குறி விசையை அழுத்தினால் போதும்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியது. கருவி கொடுத்தால் போதுமா? பாடம் தெரிந்த பிள்ளை, விசை தெரியாமல் மதிப்பெண் இழப்பது அநியாயம். வேதியியல் வகுப்பில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கட்டும். ஆசிரியருக்கே தெரியாவிட்டால், தெரிந்த மாணவனிடம் கேட்டுக்கொள்வதில் என்ன வெட்கம்?