கூட்டுறவுச் சங்கக் கணினி: திருத்தும் உரிமை யாருக்கு?

நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு, ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூன் 29-ல் ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கி வழியே அனைத்துச் சங்கங்களுக்கும் ஒரே பொது மென்பொருள் என்பதே அதன் மையம். தமிழ்நாட்டில் சுமார் 4,500 சங்கங்கள் இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆயத்த மென்பொருளை வாங்குவதா, நமக்கெனத் தனியாக உருவாக்குவதா என்று ஒவ்வொரு தொழில் நிறுவனமும் எதிர்கொள்ளும் கேள்வி, இங்கே உழவரின் கடன் கணக்கைத் தொடுகிறது.

பொது மென்பொருளுக்கு ஆதரவான வாதம் வலுவானது. வெவ்வேறு மாநிலங்களில் சங்கங்கள் தனித்தனி மென்பொருள்களைப் பயன்படுத்தியதால், அவற்றின் கணக்குகள் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளோடு இணையவில்லை. அதன் விலை என்னவென்று 2021-ல் தமிழ்நாடு கண்டது. ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சுமார் 48 லட்சம் கடன்களின் விவரங்களைத் திரட்டி ஆய்வு செய்தபோதுதான், ஒரே நபர் பல சங்கங்களில் கடன் பெற்றிருந்தது வெளிப்பட்டது. கணக்குகள் முன்பே ஒன்றோடொன்று இணைந்திருந்தால், தகுதியுள்ளோர் அத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

ஆயினும், பேரேடு எங்கும் ஒன்றுதான். சங்கத்தின் பணி ஒன்றல்ல. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அவையே உரம் விற்கின்றன, நகைக்கடனும் தருகின்றன. பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துபவருக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் உண்டு. எனவே, ஒரு தேதி பிழையாகப் பதிவானால் உழவர் வட்டி கட்ட நேரிடும்.

நான் வசிக்கும் வளவனூரிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் மதகடிப்பட்டு. அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. சாலையின் இருபுறமும் அதே நெல், அதே கரும்பு. ஆனால், கூட்டுறவுச் சட்டம் வேறு. தள்ளுபடியை அறிவிக்கும் அரசும் வேறு. நாடு முழுமைக்குமான மென்பொருள் இந்தச் சிறு தொலைவுக்குள்ளேயே இருவேறு விதிகளுக்கு இணங்க வேண்டும்.

அப்படியானால் தனி மென்பொருளே தீர்வா? பிரிட்டனின் அனுபவம் எச்சரிக்கிறது. அந்நாட்டு அஞ்சலகங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ‘ஹொரைசன்’ மென்பொருள் 1999 முதல் புழக்கத்துக்கு வந்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததும், அதை உருவாக்கிய நிறுவன ஊழியர்களால் தொலைவிலிருந்தே கணக்கில் கைவைக்க முடிந்ததும் பின்னரே நிரூபணமாயின. 2024-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை நீக்கியது. நம் ஊரில் இருப்புக் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் சங்கச் செயலாளர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே, வாங்குவதா உருவாக்குவதா என்பதைவிட, திருத்தும் உரிமையும் தரவின் உடைமையும் யாரிடம் உள்ளன என்பதே முதன்மையான கேள்வி. பேரேடு, வட்டிக் கணக்கீடு, தணிக்கை ஆகியவற்றுக்குப் பொது மென்பொருள் போதும். மாநில விதிகள் சார்ந்த பகுதிகளை மாற்றியமைக்கும் அதிகாரம் மாநிலக் கூட்டுறவுத் துறையிடம் இருக்க வேண்டும். அதற்குக் காலக்கெடுவும் தேவை. ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது மாற்றினார் என்பதைச் செயலாளர் பார்க்க முடிய வேண்டும். ஒப்பந்த நிறுவனம் மாறினாலும் முழுத் தரவும் சங்கத்திடமே திரும்ப வேண்டும். கடன் வாங்கியவர் கையில் தமிழில் அச்சிட்ட ரசீது இருக்க வேண்டும்.

இவை தொழில்நுட்பக் கோரிக்கைகள் அல்ல, உறுப்பினர்களின் உரிமைகள். கைப்பட எழுதிய பேரேட்டை உழவர் நேரில் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. கணினித் திரை அந்த வாய்ப்பைப் பறிக்காமல் இருப்பதை, எல்லாப் பேரேடுகளும் இடம்பெயரும் முன்பே அரசு உறுதிசெய்ய வேண்டும்.