ஆந்தைக் காசு 18,000 ரூபாய்: வெள்ளியில பணம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன மாசம் ஊருக்கு, அதாவது கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். தெரிஞ்ச தம்பி ஒருத்தர் பார்க்க வந்தார். சென்னையில வேலை, கைக்கு வர்றது மாசம் 42,000. ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"அண்ணே, ஏதென்ஸ் வெள்ளிக் காசு. 2,400 வருஷம் பழசு. இன்ஸ்டாகிராம்ல 18,000-க்கு வாங்கினேன். அஞ்சு வருஷத்துல அஞ்சு மடங்கு ஆகும்னாங்க."

ஒரு பக்கம் அதீனா தெய்வத்தின் தலை, மறுபக்கம் ஆந்தை. பார்க்க நல்லாத்தான் இருந்தது. பக்கத்து நகைக்கடை அண்ணாச்சிகிட்ட எடை போட்டோம். 11 கிராம். இந்தப் பெரிய ஆந்தைக் காசு சுமார் 17 கிராம் இருக்கணும். அண்ணாச்சி உரசிப் பார்த்துட்டு, "மேல பூச்சுதான் தம்பி, உள்ள வெள்ளி இல்ல"ன்னு சொல்லிட்டார்.

அந்த 17 கிராம்தான் இந்தக் கதையோட உயிர். பழைய கிரேக்கத்துல ஒரே அரசாங்கம் கிடையாது. பல நகரங்கள் தனித்தனியா காசு அடிச்சாங்க. ஏஜினாவுக்கு ஆமை, கொரிந்துக்கு றெக்கை வச்ச குதிரை, ரோட்ஸுக்கு ரோஜாப்பூ. ஏதென்ஸ் தன் லாரியோன் சுரங்க வெள்ளியில ஆந்தையை அடிச்சது. எடையிலயும் தரத்துலயும் பல தலைமுறைக்கு அது கை வைக்கல. அதனால எகிப்து வரைக்கும் அந்தக் காசு செல்லுபடியாச்சு.

நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அங்கேயும் ஊர்ப் பேர்தான் கேரண்டி. ஆனா எந்தப் பேருக்கு மதிப்பு இருக்கோ, அந்தப் பேர்லதான் போலியும் வரும்.

ஏதென்ஸே ஒருமுறை சறுக்கினது. போர்ல கஜானா காலியானப்போ, கி.மு. 406 வாக்குல, செம்புக்கு மேல வெள்ளி பூசிக் காசு விட்டாங்க. அப்புறம் கி.மு. 375-ல ஒரு சட்டம் போட்டாங்க. சந்தையில காசைச் சோதிக்க ஒரு ஆள். அவர் நல்லதுன்னு சொன்ன காசை வியாபாரி மறுக்கக் கூடாது. போலின்னா அங்கேயே குறுக்க வெட்டிடுவார். நம்ம பாஷையில சொன்னா, ஆடிட்டர்!

நம்ம ஆட்களும் ஏமாந்தவங்க இல்ல. கரூர் அமராவதி ஆத்துப் படுகையில கிரேக்க நகரங்களோட காசுகள் கிடைச்சிருக்கு. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி அதைப் பத்தி புத்தகமே எழுதியிருக்கார். ரோம் பேரரசன் நீரோ கி.பி. 64-ல வெள்ளிக் காசோட எடையையும் தரத்தையும் குறைச்சான். தமிழ்நாட்டுல கிடைக்கிற ரோமானிய வெள்ளிக் காசுகள்ல பெரும்பாலானவை அதுக்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. முகத்தைப் பார்த்து மயங்காம, உள்ள இருக்கிற வெள்ளியைப் பார்த்து வாங்கியிருக்காங்க.

என் கருத்து இதுதான்: சம்பளக்காரங்களுக்குப் பழங்காசு முதலீடே இல்ல. ஆசை இருந்தா மியூசியத்துல போய்ப் பாருங்க. காரணங்கள்:

1. 100 வருஷத்துக்கு மேல பழைய காசு 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். அதை வியாபாரமா விற்க லைசென்ஸ் வேணும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. இன்ஸ்டாகிராம் ஆளுகிட்ட லைசென்ஸ் கேட்டீங்களா?

2. நம்ம கரிசக்காட்டுல உழும்போது புதையல் கிடைச்சாலும் அது தானா உங்களுக்குச் சொந்தமாகாது. 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும்.

3. வெள்ளியில பணம் போடணும்னா எடையும் தரமும் எழுதின பில்லோட வாங்குங்க. 3% ஜி.எஸ்.டி., செய்கூலி போக, திரும்பக் கொடுத்தா என்ன விலைன்னு வாங்கும்போதே கேளுங்க. இல்லைன்னா சில்வர் இ.டி.எஃப். இருக்கு. எதுவானாலும் எமர்ஜென்சி ஃபண்ட் சேர்த்த பிறகுதான்.

கடைசியா தம்பி மெதுவா கேட்டார்: "அண்ணே, நானும் வேற யார்கிட்டயாவது வித்துடட்டுமா?"

கிட்டத்தட்ட பாதி மாசச் சம்பளம் போன வலி புரியுது. ஆனா தெரிஞ்சே வித்தா, ஏமாந்தவர் ஏமாத்துறவரா மாறிடுவார். 1930-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுக்கச் சொன்னேன். வழக்கு முடியுற வரைக்கும் காசு ஆதாரமா பத்திரமா இருக்கட்டும். முடிஞ்சதும் ஏதென்ஸ் ஆடிட்டர் செஞ்சதையே செய்யலாம்: குறுக்க ஒரு வெட்டு. நஷ்டம் அந்த ஒரு கையோட நிக்கட்டும்.