பெயரெழுதாப் படம் ஊமைப் படம்

ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்திலிருந்து லாச்சப்பல் நோக்கி, இரண்டாம் இலக்க மெற்றோவைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூண்களின் ஓரமாகக் கமராவுடன் நடந்து திரியும் மாணவி ஒருத்தியை நான் அறிவேன். கடைகளின் பெயர்ப்பலகை, வாழைப்பொத்தி அடுக்கிய பெட்டி, வேலை முடிந்து சலூன் வாசலில் பேசிநிற்கும் ஆண்கள் என அவள் படமெடுக்கிறாள். அன்றன்று கண்டதைக் கொப்பியில் நாலு வரி எழுதியும் வைக்கிறாள். "படிக்கிற பிள்ளைக்கு உது தேவையோ, மாஸ்ரர்? ரோட்டிலை நிண்டு படமெடுத்தால் சனம் என்ன சொல்லும்?" என்று அவளுடைய தாயார் என்னிடம் முறையிட்டார்.

அத்தாயாரின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. எமக்குப் படம் என்பது அச்சந்தந்த பொருள். சோதனைச் சாவடியில் பையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படம் ஓர் இளைஞனின் உயிருக்கே உலைவைக்கக்கூடிய காலத்தில் நாம் வாழ்ந்தோம். அதனால் அல்பங்களை எரித்தவரும் புதைத்தவரும் எம்மிடையே உளர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்தபோது நாம் அரிசியைத் தூக்கினோமேயன்றி அல்பத்தைத் தூக்கவில்லை. என் பெற்றோரின் திருமணப் படமும் அன்றே போயிற்று. என் தாயாரின் இளமை முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இன்று என்னிடம் எதுவுமில்லை. ஆகவேதான் அம்மாணவியின் பக்கம் நிற்கிறேன்.

இதே பாரிஸ் நகரில் எஜேன் அட்ஜே என்றொருவர் வாழ்ந்தார் (1857–1927). நாடக நடிகராயிருந்து பின்னர் கமராவைச் சுமந்தவர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் தெரு வியாபாரிகளையும் கந்தல் பொறுக்குவோரையும் படமெடுத்தார். தாம் விற்றவை ஓவியர்களுக்கு வேண்டிய ஆவணங்கள் என்றே கூறிக்கொண்டார். படத்தின் பின்புறம் இடத்தின் பெயரை எழுதிவைத்தார். 1920இல் 2,600க்கு மேற்பட்ட நெகட்டிவ்களைப் பிரெஞ்சு அரசு அவரிடமிருந்து வாங்கியது. மறைந்துபோன பாரிஸை இன்று அவர் வழியாகவே பலர் காண்கின்றனர்.

எம்மையும் பிறர் படமெடுக்கத்தான் செய்கின்றனர். ஆண்டுதோறும் விநாயகர் தேர் லாச்சப்பல் வீதிகளில் உலாவரும்போது எத்தனை கமராக்கள்! 2016இல் ஸ்டாலின்கிராட் மெற்றோப் பாலத்தின்கீழ் ஆயிரக்கணக்கான அகதிகள் கூடாரமிட்டிருந்து, நவம்பரில் அகற்றப்பட்டபோதும் படங்கள் உலகெங்கும் சென்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது "அகதிகள்" என்ற ஒரு சொல் மட்டுமே. யார், எந்த ஊரார், என்ன தொழில் செய்தவர் என்பது இல்லை. அகதியின் முகத்தை எவரும் எடுக்கலாம். அவனுடைய பெயரைக் கேட்டு எழுத, அவன் மொழி தெரிந்த பிள்ளை வேண்டும்.

ஆனால் பிள்ளைகளே, கேளாமல் எடுக்காதீர்கள். பிரெஞ்சுக் குடியியற் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு ஒவ்வொருவரது தனிவாழ்வையும் மதிக்கச் சொல்கிறது. தன் உருவத்தின்மீது ஒருவருக்குள்ள உரிமையையும் நீதிமன்றங்கள் அதன்வழி ஏற்றுள்ளன. சட்டத்திற்கு அப்பால் எமக்கேயுரிய காரணமும் உண்டு. அகதி விண்ணப்பம் முடிவாகாதவர், ஊரில் உறவுகளை விட்டுவந்தவர் முகத்தை மறைக்க விரும்பலாம். "வேண்டாம்" என்றால் கமராவைத் தாழ்த்துங்கள். அவருடைய கைகளையோ கடையையோ எடுங்கள். தெருவையும் ஆண்டையும் மட்டும் எழுதுங்கள்.

அன்பான பெற்றோரே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் எஞ்சிய சில படங்கள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அருகில் இருத்தி, யார், எங்கே, எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். பிள்ளை பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதட்டும். பேனை மை ஊறும், அழுத்தினால் முன்புறத்திலும் தடம் விழும். கைத்தொலைபேசிப் படங்களை வேறோர் இடத்திலும் பிரதி செய்து வையுங்கள். நாம் போனபின் அந்த முகங்களின் பெயரைச் சொல்ல ஆளிருக்காது.

அத்தாயாரிடமும் இதனையே கூறினேன். திட்டுவதற்கு முன் மகளின் கொப்பியை ஒருமுறை வாசிக்கும்படி கேட்டேன். அதன் முதற் பக்கத்தில், அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் அவருடைய சப்பாத்துகளைப் பற்றித்தான் மகள் எழுதியிருந்தாள்.