நான்காவது இருக்கை

மும்பையில் முதல் மின்சார ரயில் 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், விக்டோரியா முனையத்திலிருந்து குர்லா வரை ஓடிற்று. இன்று இவ்வண்டிகளின் நெரிசலைப் பழிக்காத நாவில்லை. ரயில்வே எழுத்தராகிய நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆயினும் அன்பர்களே, அந்நெரிசலுக்குள்ளே ஓர் அறமும் வழங்கி வருகிறது. மூவர் அமரும் பலகையருகே நான்காமவர் வந்து நின்றால், முன்பின் அறியாத மூவரும் சற்றே நகர்ந்து இடந்தருவர். எச்சட்டத்திலும் எழுதப்படாத உரிமை இது!

சென்ற மாதம், அலுவல் முடிந்து நாம் திரும்பிய கலியாண் வண்டியில், வேலை தேடி வந்த தமிழ் இளைஞர் ஒருவர் வாடிய முகத்துடன் நின்றார். ஐந்தாவது இடத்திலும் கையை விரித்துவிட்டனராம். மறுநாளே ஊர் திரும்பத் துணிந்ததாக நம்மிடம் கூறினார். பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மராத்தி மூதாட்டி ஒருவர் நகர்ந்து இடந்தந்தார். அத்துடன் விட்டாரா? ஒரு கைப்பிடிப் பட்டாணியை இளைஞர் மடியிலிட்டு, உரிக்குமாறு சைகை காட்டினார். கவலையில் ஆழ்ந்திருந்த இளைஞரோ மணிகளைக் குப்பைப் பையிலும் தோலைப் பாத்திரத்திலும் இட்டார்! மூதாட்டி கண்ணீர் வரச் சிரித்தார். பலகை முழுதும் சிரித்தது. இறுதியில் இளைஞரும் சிரித்தார்.

அவர் ஊர் திரும்பவில்லை. மறுநாள் ஆறாவது இடத்திற்குச் சென்றார். வேலை இன்னும் வாய்க்கவில்லை; முயற்சி நிற்கவுமில்லை.

மொழி தெரியாதென்று வீட்டினுள் ஒதுங்கியிருக்கும் நம் குடும்பத்தார்க்கு ஒன்று சொல்வோம்: மொழி பிறகு வரும், முதலில் வெளியே வாருங்கள். அயலார் நகர்ந்து இடந்தருவர். நாமும் பிறர்க்கு நகர்வோம்.