சிரித்தவர்களின் தீர்ப்பு

2013-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்த ‘சிங் வெர்சஸ் கௌர்’ என்னும் பஞ்சாபிப் படத்தைத் தயாரித்தவர், தமிழ் மக்களுக்கு ‘வசந்த மாளிகை’யை அளித்த அதே டி. ராமாநாயுடுதான் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆந்திர தேசத்துக் காரம்சேட்டில் பிறந்து, பல பாஷைகளில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துக் கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்ற அந்தப் பெரியவர், தமது 76-ஆம் வயதில் பஞ்சாபி ஜனங்களுக்காக ஒரு படம் எடுக்க முன்வந்தபோது, சிருங்காரமும் வீரமும் ஹாஸ்யமும் கலந்த கதையையே தேர்ந்துகொண்டார். கிப்பி கிரேவாலும் சுர்வீன் சாவ்லாவும் நடிக்க, நவனியத் சிங் அதை இயக்கினார். காதல், அடிதடி, சிரிப்பு ஆகிய மூன்றையும் ஒரே இலையில் பரிமாறும் இத்தகைய படங்களே இன்று பஞ்சாபித் திரையுலகின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கின்றன.

இவற்றைப் பற்றி ரசிகர்கள் கூறும் அபிப்பிராயங்களைச் செவிகொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. கலை விமரிசகர், ‘வெறும் கூத்து’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தயாரிப்பாளரோ, வசூல் கணக்கைப் பார்த்துவிட்டு, ‘ஜனங்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்’ என்று திருப்தி அடைகிறார். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே வரும் மனிதர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்பது இவ்விருவர் காதிலும் விழுவதில்லை.

அந்தச் சிரிப்பை இழிவாக எண்ணுபவர்கள், அது எவ்வளவு துன்பத்துக்குப் பிறகு பஞ்சாபுக்குத் திரும்பி வந்தது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1947-இல் தேசம் பிளவுபட்டபோது, லாகூரில் வேரூன்றியிருந்த திரைத் தொழில் சிதறிப்போயிற்று. பின்னர் மெல்ல மெல்லத் தலையெடுத்து வந்த பஞ்சாபி சினிமாவின் மீது, எண்பதுகளில் வன்முறையின் நிழல் கவிந்தது. ஜனங்களின் அபிமானத்தைப் பெற்றிருந்த நடிகரும் இயக்குநருமான வரீந்தர், 1988-இல் ‘ஜட் தே ஜமீன்’ படப்பிடிப்பின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். 2002-இல் மன்மோகன் சிங் இயக்கிய ‘ஜீ ஆயான் நூ’ வந்த பிறகே, அத்திரையுலகம் மீண்டும் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2012-ஆம் வருஷக் கோடையில், ‘ஜட் அண்ட் ஜூலியட்’, ‘கேரி ஆன் ஜட்டா’ ஆகிய இரு படங்களும் ஒரு மாத இடைவெளியில் வெளியாகிப் பஞ்சாபை மட்டுமன்றி, கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய பஞ்சாபிகளையும் ஒருசேரச் சிரிக்க வைத்தன என்றால், அதை அற்ப விஷயமாகத் தள்ளிவிட முடியுமா?

‘கேரி ஆன் ஜட்டா’வில், தான் விரும்பிய பெண்ணை அடைவதற்காக, தந்தை உயிரோடிருக்கும்போதே தன்னை அநாதை என்று சொல்லிக்கொள்கிறான் ஓர் இளைஞன். அந்தத் தந்தையாக, வக்கீல் டில்லோனாக, நடித்தவர் ஜஸ்விந்தர் பல்லா. லூதியானா விவசாய சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த அவர், 1988 முதலே ‘சன்காட்டா’ என்னும் ஹாஸ்ய ஒலிநாடாக்களின் மூலம் வீடுதோறும் அறிமுகமானவர். டில்லோன் வக்கீல் பேச்சுக்குப் பேச்சு விசித்திரமான ஓர் உவமையை எடுத்துவிட்டு, தாம் கறுப்புக் கோட்டு அணிந்தது வீணுக்கல்ல என்ற பாவனையில் முடிக்கும்போது கொட்டகை அதிர்ந்தது. ஏனெனில் அந்த உவமைகள் கிராமத்துத் திண்ணைகளில் பிறந்தவை. 2025 ஆகஸ்டில் அவர் காலமானபோது பஞ்சாப் முழுவதும் துக்கித்தது. அந்தத் துக்கமும் ரசிகர்களின் அபிப்பிராயமே அல்லவா?

ஆனால் இதே ரசிகர்கள்தான் குறைகளையும் சொல்கிறார்கள். ‘கேரி ஆன் ஜட்டா’வின் முதல் பாகத்தில் புதிதாக இருந்த வேடிக்கை மூன்றாம் பாகத்தில் பழகிப்போய்விட்டது என்கிறார்கள். அதே நடிகர்கள், அதே ஆள்மாறாட்டம், அதே குடிகார மாமன் என்று சலித்துக்கொள்கிறார்கள். விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுவதும், தோளில் துப்பாக்கி தொங்கினால்தான் ஆண்மை என்று கருதுவதும், ஒரே சாதியின் பெருமையைப் படத்துக்குப் படம் பாடுவதும் போதும் என்று இளம் பெண்கள் பலர் வெளிப்படையாகவே கூறுகிறார்கள். மது, போதை, வன்முறை ஆகியவற்றைப் புகழும் பாடல்கள் ஒலிக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் 2019-இல் போலீசாருக்கு உத்தரவிட நேர்ந்ததையும், பாடகர் சித்து மூஸேவாலா சுட்டுக் கொல்லப்பட்ட 2022-ஆம் ஆண்டிலேயே, துப்பாக்கியைப் போற்றும் பாடல்களை மாநில அரசு தடை செய்ததையும் பார்க்கும்போது, இந்தக் குறை கூறுவோரின் கவலை வீண் கவலை அன்று என்பது விளங்கும். கிப்பி கிரேவால், தில்ஜித் தோசாஞ்ச், அம்மி விர்க் முதலிய கதாநாயகர்கள் பாடகர்களாகவே புகழ் பெற்றவர்களாதலால், பாட்டில் புகுந்த தோஷம் படத்தில் புகாமலிருக்க வழியில்லை.

‘ஜனங்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்’ என்று தயாரிப்பாளர்கள் சொல்வது பழைய சமாதானம். 1945-ஆம் ஆண்டுப் பஞ்சாப் கிராமத்தைக் களமாகக் கொண்டு, அம்பர்தீப் சிங் எழுத, அம்ரிந்தர் கில் நடித்து, 2015-இல் வெளிவந்த ‘அங்க்ரேஜ்’ அதைப் பொய்யாக்கிவிட்டது. துப்பாக்கியையும் மோட்டார் காரையும் நம்பாமல், கிணற்றடிப் பேச்சையும் கல்யாண வீட்டுக் கேலியையும் மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட அப்படத்தை ஜனங்கள் உவந்து ஏற்றுக்கொண்டார்கள். நல்லதைக் கொடுத்தால் ரசிகன் மறுப்பதில்லை. வேறு கிடைக்காதபோதுதான் கிடைத்ததைக் கொண்டு திருப்தி அடைகிறான்.

‘கேரி ஆன் ஜட்டா 3’ நூறு கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்தியப் பஞ்சாபிப் படம் என்று 2023-இல் பெருமையாகப் பேசினார்கள். அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் டிக்கெட் விற்ற கணக்கு, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, என்ன மனத்தோடு வெளியே வந்தார்கள் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ரசிகர்களே. மனம் விட்டுச் சிரிப்பது அவர்களுடைய உரிமை. சிரித்த பிறகு, கூசாமல் குறையை எடுத்துக் கூறுவது அவர்களுடைய கடமை. அபிமான நடிகரைக் குறை சொன்னால் துரோகம் என்று கருதும் மனோபாவம் பஞ்சாபில் இருந்தாலும், நம் தமிழ்நாட்டில் இருந்தாலும், அது கலைக்கு நன்மை செய்யாது. அந்த மனோபாவத்தை ரசிகர்கள் முதலில் கைவிட வேண்டும்.