வங்கியின் 'எனவே': மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

தம் ஒப்புதல் இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டதென்று முறையிடும் வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் ஒரே வார்ப்பிலான மறுமொழியே கிடைக்கிறது: பரிவர்த்தனை சரியான கடவுச்சொல்லுடனும் ஓடிபியுடனும் நிறைவேறியுள்ளது, எனவே வாடிக்கையாளரின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம், எனவே வங்கிக்குப் பொறுப்பில்லை. இம்மூன்று கூற்றுகளில் தரவைச் சுட்டுவது முதலாவது மட்டுமே. மற்ற இரண்டும் 'எனவே' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஊகங்கள். ஓடிபி எந்தக் கருவியிலிருந்து உள்ளிடப்பட்டது, பணம் பெற்ற கணக்கு பயனாளர் பட்டியலில் எப்போது சேர்க்கப்பட்டது, அந்தக் கணக்கின் வழக்கத்துக்கு மாறான தொகை சென்றபோது வங்கியின் கண்காணிப்பு என்ன செய்தது என்னும் கேள்விகளுக்கு அம்மறுமொழியில் விடை இருப்பதில்லை.

இந்த 'எனவே'க்கு இந்திய வங்கி ஒழுங்குமுறையில் இடமில்லை. ஆனால் முறையீட்டு மேசைகளில் அதுவே எழுதப்படாத விதியாக இயங்குகிறது. விதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்தப் பிளவு பல்கலைக்கழக வளாகங்களுக்குத் தொலைவான செய்தியன்று. ஆய்வு உதவித்தொகை பல மாதங்கள் தாமதித்து ஒரே தவணையாக வந்து சேர்வது வழக்கம். அத்தொகை ஒரே இரவில் மறைந்தால், வாடகையும் உணவு விடுதிக் கட்டணமும் மட்டுமன்றி, களப்பணியே நின்றுபோகிறது. வங்கியின் முதல் மறுமொழியை இறுதித் தீர்ப்பாகக் கருதி விலகிவிடுவோர் பணத்தோடு தமக்கு உரிய ஓர் உரிமையையும் அறியாமலே கைவிடுகின்றனர்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, ஒப்புதலற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு எல்லை வகுத்தது. அதன் கட்டமைப்பு தெளிவானது. வங்கியின் தரப்பில் மோசடியோ, கவனக்குறைவோ, சேவைக் குறைபாடோ இருந்தால், வாடிக்கையாளர் புகார் அளித்தாலும் அளிக்காவிட்டாலும் அவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் அமைப்பின் வேறெங்கோ இருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கும் பொறுப்பில்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய்; பிற சேமிப்புக் கணக்குகளுக்கும் 5 லட்சம் ரூபாய் வரை வரம்புடைய கடன் அட்டைகளுக்கும் 10,000 ரூபாய்; அதற்கு மேற்பட்ட வரம்புடைய கடன் அட்டைகளுக்கு 25,000 ரூபாய். 7 நாள்களைக் கடந்தால் அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கை முடிவு செய்யும்.

மூன்றாவது நிலை ஒன்று உண்டு. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். முறையீடுகள் பலவும் இந்த ஒற்றை விதியின் கீழ் தள்ளப்படுகின்றன. அதே சுற்றறிக்கையின் இன்னொரு பத்தி அதனோடு சேர்த்து வாசிக்கப்படுவதே இல்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது என்கிறது அப்பத்தி. முறையீடு கிடைத்த 10 வேலை நாள்களுக்குள், காப்பீட்டுத் தொகை வரட்டும் என்று காத்திராமல், சர்ச்சைக்குரிய தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்; 90 நாள்களுக்குள் முறையீட்டைத் தீர்க்க வேண்டும்; அதற்குள் பொறுப்பு யாருடையது என்று தீர்மானிக்க இயலாவிட்டால் விதிப்படியான இழப்பீட்டை வழங்கிவிட வேண்டும் என்றும் அது வகுத்தது. ஐயத்தின் பயன் வாடிக்கையாளருக்கே என்பது இவற்றின் சாரம்.

ஓடிபி சரியாக இருந்தது என்பதிலிருந்து அதை வாடிக்கையாளர் பகிர்ந்தார் என்ற முடிவுக்கு ஏன் தாவ முடியாது? போலி ஆவணத்தைக் காட்டி அவருடைய எண்ணுக்கு வேறொரு சிம் அட்டையை மோசடிக்காரர் பெற்றிருக்கலாம். தீய செயலியொன்று வரும் குறுஞ்செய்திகளை அவர் அறியாமலே வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். திரையைப் பகிரும் செயலி வழியாக எண்கள் களவாடப்பட்டிருக்கலாம். ஓடிபியின் சரித்தன்மை ஒரு பூட்டு உரிய சாவியால் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். சாவி யார் கையில் இருந்தது என்பதைக் காட்டாது.

நீதிமன்றங்கள் இதை உணர்ந்தே தீர்ப்பளித்து வந்துள்ளன. குறுஞ்செய்தி எச்சரிக்கைக்கு வாடிக்கையாளர் மறுமொழி தரவில்லை என்பதை மட்டும் காட்டி வங்கி பொறுப்பிலிருந்து விலக முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் கூறியது. 2024 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம், புதிய பயனாளர்கள் சேர்க்கப்பட்டது வாடிக்கையாளருக்குத் தெரியவராமலே 76.90 லட்சம் ரூபாய் சென்ற வழக்கில், தொகையை வட்டியுடன் திருப்பித் தர ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், தீய இணைப்பொன்றைச் சொடுக்கிய பின் 2.6 லட்சம் ரூபாயை இழந்த வாடிக்கையாளரின் பக்கம் நின்றது. இணையத்தில் வாங்கிய ஆடையைத் திருப்பியளிக்க முயன்று 94,204 ரூபாயை இழந்த அஸ்ஸாம் வாடிக்கையாளருக்கு ஆதரவாகக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தலையிட, 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்திருந்தார் என்பது அவ்வழக்கில் முதன்மையான காரணம். ஓடிபியைப் பகிராமல் விழிப்போடிருக்கும் கடமை வாடிக்கையாளருக்கும் உண்டு என்று அந்த ஆணை நினைவூட்டியதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இத்தீர்ப்புகளில் மகிழ்ச்சியோடு கவலையும் பொதிந்துள்ளது. மேற்கண்ட பம்பாய் வழக்கில் வங்கிக் குறைதீர்ப்பாளர் முறையீட்டை முன்னரே நிராகரித்திருந்தார். அதை நீக்கிய பிறகே நீதி கிடைத்தது. சுற்றறிக்கையின் எளிய சொற்களை நடைமுறைப்படுத்த ஒருவர் உயர் நீதிமன்றம் வரை ஏற வேண்டுமென்றால், 20,000 ரூபாயை இழந்த மாணவருக்கு அச்சொற்களால் என்ன பயன்? இழந்த தொகையை விடவும் வழக்குச் செலவு மிகுதியாகும் இடத்தில் உரிமை இருந்தும் இல்லாததே.

ஆகவே சிறு தொகை இழந்தவருக்கு எவ்வழிகள் உண்மையில் திறந்துள்ளன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. முதற்கடமை நேரத்தோடு போட்டியிடுவது. 1930 என்ற உதவி எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலோ உடனே தெரிவித்தால், பணம் கைமாறிச் செல்லும் கணக்குகளில் அதை நிறுத்திவைக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் 1930க்கு அளித்த புகார் வங்கிக்கு அளித்த புகாராகிவிடாது. வங்கிக்குத் தனியே எழுத்து வடிவில் தெரிவித்து, முறையீட்டு எண்ணையும் நேரத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கியின் தகவல் கிடைத்ததிலிருந்து வங்கிக்குத் தெரிவிக்கும் வரையே 3 நாள் கணக்கு அளக்கப்படும். குறுஞ்செய்திகள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருப்பதும் இன்றியமையாதது. மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு சான்றிதழ் கோருகிறது.

வங்கி நிராகரித்தாலோ 30 நாள்களில் மறுமொழி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தை நாடலாம். 2021 நவம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காவல் துறை விசாரணை நடந்துகொண்டிருப்பது இதற்குத் தடையாகாது. ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் அதை ஏற்க மாட்டார். எனவே எந்தக் கதவை முதலில் தட்டுவது என்ற வரிசை முக்கியம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வங்கிப் பணியைச் 'சேவை' என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்துள்ளது. முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; காலக்கெடு 2 ஆண்டுகள். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மோசடி, ஏமாற்று போன்ற குற்றத் தன்மையுள்ள, கடுமையாகச் சர்ச்சைக்குள்ளான செய்திகளை நுகர்வோர் ஆணையங்களின் சுருக்க விசாரணையில் முடிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஒரு வங்கி வழக்கில் கூறியுள்ளது. ஆகவே மனுவின் மையம் மோசடிக்காரரின் செயலாக இருத்தல் ஆகாது. சுற்றறிக்கை விதித்த கடமைகளில் எவற்றை வங்கி செய்யத் தவறியது என்பதே அதன் மையமாக இருக்க வேண்டும். 10 நாள்களில் வரவு வைக்கவில்லை, 90 நாள்களில் முடிவு சொல்லவில்லை, கவனக்குறைவுக்குச் சான்று தரவில்லை: இவை சேவைக் குறைபாடுகள்.

அதிகம் அறியப்படாத இன்னொரு வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 வழங்குவது. அதன் 46ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பளிக்கும் அலுவலராக அமர்ந்து 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கலாம். இந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திக் காட்டியது தமிழ்நாடு. தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் பணியாற்றிய ஒருவர் போலி மின்னஞ்சல் மோசடியில் பணம் இழந்த வழக்கில், 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு தனியார் வங்கியொன்றுக்கு 2010 ஏப்ரலில் ஆணையிடப்பட்டது. அதன் மேல்முறையீடோ 2019இல்தான் தீர்ப்பாயத்தில் முடிவுக்கு வந்தது. வழி திறந்திருப்பதையும் அவ்வழியின் நீளத்தையும் ஒரே வழக்கு காட்டிவிடுகிறது.

வங்கிகளின் எதிர்வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். இழப்பை எல்லாம் வங்கியே ஏற்றால் வாடிக்கையாளர் விழிப்பை இழப்பார். போலி முறையீடுகள் பெருகும். அச்செலவு இறுதியில் எல்லா வாடிக்கையாளர் தலையிலும் விழும் என்பது அவ்வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சுற்றறிக்கை எல்லா இழப்பையும் வங்கி ஏற்கச் சொல்லவில்லை. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் இழப்பு வாடிக்கையாளருடையதே. கேட்கப்படுவது மெய்ப்பித்தல் ஒன்றே. கருவியின் அடையாளம், இணைய முகவரி, உள்நுழைந்த நேரம், பயனாளர் சேர்க்கப்பட்ட நேரம் ஆகிய பதிவுகள் யாவும் வங்கியிடமே உள்ளன. வாடிக்கையாளர் கையில் இருப்பவை சில குறுஞ்செய்திகள் மட்டுமே. சான்று எவரிடம் உள்ளதோ அவரே அதை முன்வைக்க வேண்டும் என்பது சான்றுச் சட்டத்தின் பழைய அறிவு. தவிரவும், மோசடியைத் தடுக்கும் தொழில்நுட்பத்தில் முதலீடு செய்ய வல்லது வங்கியே. தனக்கு இழப்பில்லாத இடத்தில் அதற்கு அந்த முனைப்பு எங்கிருந்து வரும்?

சுற்றறிக்கைக்கு எட்டாத ஒரு பகுதியும் உண்டு. காவல் அதிகாரியாக நடித்து 'டிஜிட்டல் கைது' என்று அச்சுறுத்துபவருக்கு ஒருவர் தாமே யுபிஐ வழியாகப் பணம் அனுப்பினால், அது 'ஒப்புதலற்ற' பரிவர்த்தனையாகக் கருதப்படுவதில்லை. அச்சத்தில் பிறந்த ஒப்புதலைச் சட்டம் எப்படி எடைபோட வேண்டும் என்பது ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல் இத்தகைய இழப்புகளில் 85,000 பவுண்டு வரை திருப்பித் தருவதைக் கட்டாயமாக்கி, அச்சுமையை அனுப்பிய வங்கிக்கும் பெற்ற வங்கிக்கும் சரிபாதியாகப் பிரித்துள்ளது. மோசடிப் பணம் சென்று சேரும் கணக்கைத் திறந்து கொடுத்த வங்கிக்கும் பொறுப்புண்டு என்னும் அக்கருத்து இந்தியாவிலும் விவாதத்துக்குரியது.

ஆனால் புதிய சட்டத்துக்காகக் காத்திராமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கவனக்குறைவு என்று கூறி முறையீட்டை நிராகரிக்கும் ஒவ்வொரு கடிதமும் அதற்கான சான்றைத் தன்னோடு இணைத்திருக்க வேண்டும். சான்று இல்லாத நிராகரிப்பு, மறுமொழியாகவே கருதப்படக் கூடாது. இதை ரிசர்வ் வங்கி ஒரே ஓர் அறிவுறுத்தலால் நிலைநாட்ட முடியும். அதுவரை சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மையங்கள் இம்முறையீடுகளைத் தம் பணியாக ஏற்கலாம். வங்கிக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே சுற்றறிக்கையின் நாளைச் சுட்டி, மெய்ப்பிக்கும் பொறுப்பை நினைவூட்டி, உள்நுழைவுப் பதிவுகளைக் கேட்டு எழுதினால், மேசைக்கு அப்பாலிருந்து வரும் அந்த 'எனவே' அவ்வளவு எளிதாக எழுதப்படாது.