தபால் வழி அடைபடலாகாது

சுவிற்சலாந்து நாட்டின் பேர்ண் நகரிலே 1874 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆந் திகதி ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போரை முடிப்பதற்கோ எல்லையை வகுப்பதற்கோ எழுந்த உடன்படிக்கையன்று அது. ஏழை எழுதுங் கடிதமும் நாடுகளைத் தடையின்றிக் கடந்து உரியவர் கையைச் சேரவேண்டும் என்பதற்காக 22 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிக் கண்ட உடன்படிக்கை அது. உலகத் தபால் ஒன்றியம் என இன்று வழங்கும் அமைப்பு அங்கேதான் பிறந்தது. உலகின் பல திசைகளிலும் சிதறி வாழும் இனமாகிய நாம் அதனால் அடைந்த நன்மை பெரிது. அந்நன்மை எவரும் இட்ட பிச்சையன்று, உரிமை என்பதையும், அவ்வுரிமை இன்று தேய்ந்து வருகிறது என்பதையும் நம் மக்கள் உணரவேண்டிய வேளை வந்துவிட்டது.

அவ்வுடன்படிக்கைக்கு முன்னிருந்த நிலையை எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு நாடும் மற்றைய நாட்டோடு தனித்தனியே தபால் ஒப்பந்தஞ் செய்துகொண்டிருந்த காலம் அது. ஒரே ஊருக்குச் செல்லும் ஒரே எடையுள்ள கடிதத்துக்கு, அது செல்லும் வழியைப் பொறுத்துப் பலவேறு கட்டணங்கள் இருந்தன. இடையிலுள்ள நாடுகளும் தத்தம் பங்கைக் கேட்டன. வணிகன் ஒருவாறு சமாளித்தான், தொழிலாளியால் இயலவில்லை. இம்முறையை மாற்றவேண்டும் என 1863 ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் ஒரு மாநாடு கூடிற்று. பின்னர் யேர்மனியின் தபால் துறைத் தலைவர் ஹைன்றிச் வொன் ஸ்ரெபானின் விடாமுயற்சியால் பேர்ண் மாநாடு கூடிக் காரியத்தை நிறைவேற்றிற்று. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் ஒருவரோடொருவர் பொருத யேர்மனியும் பிரான்சும் சில ஆண்டுகளுள் ஒரே தபால் உடன்படிக்கைக்குள் வந்தன என்பது சிந்திக்கத் தக்கது.

உடன்படிக்கையின் அடிப்படை எளியது. அங்கத்துவ நாடுகள் அனைத்தும் கடிதப் போக்குவரத்தைப் பொறுத்தவரை ஒரே பிரதேசம். ஒரு நாட்டின் தபாலை மற்றொரு நாடு தன் வழியே செல்லவிடாது மறித்தல் ஆகாது. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தை உள்நாட்டுக் கடிதத்தைப் போலவே மதித்து விநியோகித்தல் வேண்டும். முத்திரைக்குரிய பணத்தை அனுப்பிய நாடே வைத்துக்கொள்ளலாம். பெறும் நாடு விநியோகத்துக்குக் கூலி கேட்பதில்லை. ஏன்? ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பதில் வரும், ஆகவே கணக்குத் தானே சரியாகிவிடும் என அவர்கள் எண்ணினார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வெண்ணமே உலகத் தபாலை நடத்திற்று. 1969 ஆம் ஆண்டு தோக்கியோ மாநாட்டின் பின்னரே விநியோகக் கட்டண முறை ஏற்பட்டது.

இன்று 192 நாடுகள் இவ்வொன்றியத்தில் அங்கம் வகிக்கின்றன. பெரிய நாடாயினும் சிறிய நாடாயினும் வாக்கு ஒன்றே. கட்டண முறையில் அதிருப்தி கொண்ட அமெரிக்கா 2018 ஆம் ஆண்டில் ஒன்றியத்தை விட்டு விலகப் போவதாக அறிவித்தது. எனினும் 2019 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜெனீவாவிற் கூடிய விசேட மாநாட்டிலே பேசித் தீர்வு கண்டு உள்ளேயே நின்றது. வல்லரசுக்கும் கடிதம் வேண்டியிருக்கிறது.

இலங்கை, குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, 1877 ஆம் ஆண்டில் இவ்வொன்றியத்துள் வந்தது. மலாயாவிலே எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் பணியாற்றச் சென்ற யாழ்ப்பாணத்தவர் வீட்டுக்கு அனுப்பிய கடிதமும் காசுக்கட்டளையும் இவ்வழியே வந்தன. அப்பணத்தில் எழுந்த வீடுகளும் வாங்கிய காணிகளும் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த நன்கொடைகளும் நம் கிராமங்களில் இன்றும் சாட்சியாய் நிற்கின்றன. மலையகத் தோட்டத் தொழிலாளரைத் தமிழகத்துக் கிராமங்களோடு இணைத்ததும் தபாலே. 1914 ஆம் ஆண்டு தொடக்கம் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலேறிச் சென்ற அஞ்சலை நம் முதியோர் நன்கறிவர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆட்சியாளர் கையொப்பத்தாற் பிரிக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கடிதமொன்றே உறவாக எஞ்சிற்று. 1983 ஆம் ஆண்டின் பின்னரோ நம்மவர் கனடா, இலண்டன், யேர்மனி, பிரான்சு, சுவிற்சலாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா எனப் பரந்தனர்.

போர்க் காலத்தில் இவ்வழி எவ்வாறு ஒடுங்கிற்று என்பதை வடக்கு கிழக்கு மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான மைல்களைச் சில நாட்களிற் கடந்து கொழும்பை அடைந்த கடிதம், கொழும்பிலிருந்து வன்னியை அடையப் பல வாரம் எடுத்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த செய்தித்தாளிலே சில வரிகள் எழுதி உயிரோடிருப்பதை உறவினருக்கு அறிவித்தவர் பலர். போரிலும் குடும்பச் செய்தி தடைப்படலாகாது என்பதை 1949 ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 25 ஆம் உறுப்புரை ஒரு நெறியாக வகுத்திருக்கிறது. உலகம் ஏற்றுக்கொண்ட அந்நெறி நம் வாசலில் வந்து நின்றுவிட்டது. தடை கடலில் இருக்கவில்லை; தரையில் இருந்தது.

இவ்விடத்தில் 1961 ஆம் ஆண்டை நினைவுகூர்தல் பொருந்தும். தமிழ் மொழியுரிமை கோரி அவ்வாண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. ஏப்பிரல் 14 ஆந் திகதி தந்தை செல்வநாயகம் தமிழரசுத் தபாற் சேவையைத் தொடக்கி வைத்தார். முத்திரைகள் விற்பனையாயின. 17 ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று, தலைவர்கள் சிறைப்பட்டனர். கடிதங் கொண்டு செல்லும் தனியுரிமையைத் தனதாக வைத்திருக்கும் அரசுக்கு அம்முத்திரை ஒரு சவாலாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அம்முத்திரை ஒட்டிய கடிதத்தைப் பாக்குநீரிணைக்கு அப்பால் எந்தத் தபாற் கந்தோரும் ஏற்கக் கடமைப்பட்டிருக்கவில்லை. ஒன்றியம் அறிந்தது அங்கத்துவ அரசின் முத்திரையை மட்டுமே.

இதிலிருந்து சட்டமறிந்தோர் பெறும் முடிவு ஒன்றுண்டு. 1908 ஆம் ஆண்டின் தபாற் கந்தோர்க் கட்டளைச் சட்டம் கடிதங் கொண்டு செல்லும் தனியுரிமையை அரசுக்கு அளித்தது. உலகத்தின் கதவுக்குத் திறவுகோலும் அரசின் கையிலேயே இருக்கிறது. பிறரெவரும் செய்யலாகாது எனத் தடுத்து வைத்த பணியைத் தானே குறைவறச் செய்வது அத்தகைய அரசின் கடமை. தனியுரிமை இருக்கும், கடமை இராது என்பது நீதியன்று. கடிதம் அதனை எழுதியவருக்கும் பெறுபவருக்கும் உரியது. அரசு அதற்கு இடைக்காலப் பொறுப்பாளர் மாத்திரமே.

தொலைபேசி வந்துவிட்டதே, இனிக் கடிதம் எதற்கு எனச் சிலர் கேட்கின்றனர். பேச்சுக்குத் தொலைபேசி போதும், பத்திரத்துக்குப் போதாது. கனடாவிலிருக்கும் தமையன் வட்டுக்கோட்டைக் காணியை விற்கத் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதாயின், கையொப்பமிட்ட மூலப்பத்திரம் இங்கு வந்தாக வேண்டும். தொலைபேசியில் வந்த அதன் படத்தை வைத்து நொத்தாரிசு உறுதி முடிப்பதில்லை. வெளிநாட்டிலுள்ளவரின் வயலை அனுமதி பெற்றுச் செய்யும் கமக்காரனுக்கும், 10 ஆண்டு தடையற்ற எதிராட்சியைக் காட்டி உரிமை கோரும் அயலாரைத் தடுக்கவேண்டிய காணிச் சொந்தக்காரனுக்கும், திகதி முத்திரை பதிந்த ஒரு கடிதம் நீதிமன்றிலே பேசும் சாட்சி. பதிவுத் தபாலும் அதன் பற்றுச்சீட்டும் எளியவனின் ஆவணக் காப்பகம்.

இத்தகைய சேவைக்குத்தான் உலகெங்கும் சோதனை வந்திருக்கிறது. 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு வழங்கிவந்த தீர்வை விலக்கை அமெரிக்கா 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆந் திகதி எல்லா நாடுகளுக்கும் நீக்கிற்று. தீர்வையை அறவிடும் முறை ஆயத்தமாகாத நிலையில் 88 தபால் நிறுவனங்கள் அந்நாட்டுக்கான சேவைகள் சிலவற்றையோ அனைத்தையுமோ நிறுத்தின. அன்றைய தினம் அந்நாட்டுக்குச் சென்ற தபால், முந்திய கிழமையின் அதே நாளோடு ஒப்பிடுகையில் 81 சதவீதம் வீழ்ந்ததாக ஒன்றியமே அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 ஆந் திகதி டென்மார்க்கின் போஸ்ட்நோர்ட் நிறுவனம் நான்கு நூற்றாண்டு மரபுடைய கடித விநியோகத்தை முடித்துக்கொண்டது. செல்வ நாட்டில் எல்லோர் கையிலும் வேறு வழியுண்டு. மாங்குளத்திலும் வாகரையிலும் உள்ளவனுக்கு உண்டோ?

இலாபமில்லை என்ற காரணத்தைக் காட்டி நம் நாட்டிலும் கிராமத் தபாற் சேவையைக் குறைக்கலாம் என எண்ணுவோர் எழக்கூடும். நாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். தபாற் கந்தோர் கடையன்று. கண்பார்வையற்றோருக்கான எழுத்துக்களும் போர்க்கைதிகளின் கடிதங்களும் கட்டணமின்றிச் செல்லவேண்டும் என உலகம் ஏற்றுக்கொண்டது இலாபம் கருதியன்று. ஆகவே மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். முதலாவது, வருமானக் கணக்கை மட்டும் பார்த்து எந்த உப தபாற் கந்தோரும் மூடப்படலாகாது. அவ்வூர் மக்களைக் கேட்டே எதுவும் செய்யப்பட வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டுப் பொதி பற்றிய அறிவித்தலும் படிவமும் தீர்வைக் கணக்கும் தமிழ் மக்களுக்குத் தமிழிலேயே வரவேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987 ஆம் ஆண்டிலே அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டபின் இதனைச் சலுகையாகக் கேட்கவேண்டிய தேவையில்லை. மூன்றாவது, வெளிநாடு ஒன்றுக்கான சேவை தடைப்படுமாயின், எந்தத் திகதி முதல், எவ்வகைத் தபாலுக்கு, என்ன மாற்றுவழி என்பதைக் கிராமத் தபாற் கந்தோரின் அறிவித்தற் பலகையிலே தமிழில் எழுதி வைத்தல் வேண்டும்.

நம் மக்களுக்கும் ஒரு சொல். பயன்படுத்தாத உரிமை பறிபோகும். முக்கிய பத்திரங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பேணுங்கள். கடிதம் பிந்தினாலோ பொதி உடைந்தாலோ விதியென்று இராது எழுத்தில் முறையிடுங்கள், தமிழிலேயே முறையிடுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் தத்தம் ஊர்த் தபாற் கந்தோரின் நிலையை ஆராய்ந்து தீர்மானம் இயற்றட்டும். பாராளுமன்ற உறுப்பினர்கள் அவற்றைச் சபையில் எழுப்பட்டும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் வரும் என்ற நம்பிக்கையின் மீது 1874 ஆம் ஆண்டிலே ஓர் உலக அமைப்பு எழுந்தது. மக்கள் எழுதும் முறைப்பாட்டுக்கு அரசு பதில் எழுதும் என்ற நம்பிக்கை இந்நாட்டிலும் எழுமாயின் அதுவே நல்லாட்சி. அந்நாள் வரும்வரை நாம் எழுதிக்கொண்டே இருப்போம்.